தறி நின்ற வாரம்

உங்கள் மேட்ரன் என்னிடம் கேட்டது வேறு. "ஸ்கேன் ரூமுக்குப் புதுசா வேலைக்கு வந்திருக்கற நர்ஸ் புள்ளைங்களுக்கு உற்சாகமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார். உற்சாகத்துக்கும் என்னிடம் சரக்கு உண்டு. அதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். பிறகு என்மேல் யாரும் வருத்தப்படக் கூடாது.

காரமடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் முதல் ஸ்கேனுக்கு வந்திருந்தாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் தனியாகக் குடிக்கக் கூச்சப்படுகிறாள் என்று கூட வந்த புருஷன், மாமியார், நாத்தனார் மூவரும் ஆளுக்கொரு சொம்பு குடித்துத் துணை நின்றார்கள். டாக்டரம்மா ஆபரேஷனில் மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இருந்த ஒரே கழிப்பறையின் வாசலில் மூன்று பேரும் வரிசை கட்டி நிற்க, அவள் மட்டும் நாற்காலி நுனியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க சிஸ்டர், எனக்குத் துணைக்குக் குடிச்சவங்க எல்லாம் போறாங்க, நான் மட்டும் போகக் கூடாதுங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வெக்காதீங்க, வந்துருமுங்க" என்று சொல்லி அவளும் சிரித்தாள். அப்புறம் தரையைத் துடைத்தது நான்தான்.

இந்த மாதிரி எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் உங்களுக்கு உபயோகப்படுகிற விஷயம் என் சர்வீஸில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு மாலை போட்டு அனுப்பிய அன்றைக்கு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அப்போதும் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோயமுத்தூரில் இதே பிரசவ ஆஸ்பத்திரியில் அப்போது ஒரே ஒரு ஸ்கேன் மெஷின்தான். டாக்டரம்மா ஸ்கேன் பார்ப்பார். பெண்களைக் கூப்பிட்டுப் படுக்க வைத்து, ஜெல் தடவி, அவர் சொல்லச் சொல்ல எழுதி, துடைத்து அனுப்புவது என் வேலை. வெளியே மேஜைமேல் இருந்த போனுக்கும் நான்தான் பொறுப்பு. இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பயந்து நடுங்கி வருகிற பெண்ணை இரண்டு நிமிஷத்தில் சமாதானம் பண்ணிவிடுவேன். "மும்தாஜ் வாயைத் திறந்தா பி.பி. தானா எறங்கும்" என்று டாக்டரம்மாவே சொல்வார். அதைக் கேட்டு எனக்குத் தலை கால் புரியாது. 'நல்லா இருக்குது கண்ணு, ஒண்ணுமில்ல, பயப்படாத' என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே அத்தனை வருஷத்தையும் ஓட்டியவள் நான். பயத்தைப் போக்குவதுதான் என் உத்தியோகம் என்று நினைத்திருந்தேன். அது இல்லை என்று தெரிய ஒரு குழந்தை போக வேண்டியிருந்தது.

கோகிலாமணி சோமனூரிலிருந்து வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஏற்கெனவே இரண்டு தடவை நாலாம் மாதத்திலேயே கலைந்துபோனது. மூன்றாவது தங்கியது, ஆனால் ஏழாம் மாதத்தில் பி.பி. ஏறிவிட்டது. குழந்தை மாதத்துக்குத் தக்க வளர்த்தி இல்லை, பனிக்குடத் தண்ணீரும் கம்மி. இனிமேல் வாரத்துக்கு இரண்டு ஸ்கேன், திங்களும் வியாழனும் தவறாமல் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்றவர்கள் பிரசவத்துக்குள் இரண்டு மூன்று ஸ்கேன் பார்த்த காலம் அது.

கூட மாமியார் வருவார். கெட்ட மனுஷி இல்லை, மருமகளை 'அம்மிணி' என்று கூப்பிடுவார், டிபன் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு வருவார். ஆனால் இத்தனை ஸ்கேன் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்க சிஸ்டர், இத்தன தடவ படம் புடிச்சா உள்ள இருக்கற உசிருக்குச் சூடு ஆகாதுங்களா? நாங்கெல்லாம் ஒரு தடவைகூடப் பாக்காமத்தான பெத்துப்போட்டோம்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்துச் சமாளிப்பேன்.

கோகிலாமணிக்கோ ஸ்கேன் முடிந்து வீட்டுக்குப் போனால் அடுத்த ஸ்கேன் வரைக்கும் மூச்சு விட முடியாது. மேஜையில் படுத்துக்கொண்டு மானிட்டரைப் பார்க்க மாட்டாள். டாக்டரம்மாவின் புருவத்தைத்தான் பார்ப்பாள். அது கொஞ்சம் நெரிந்தால் என் பக்கம் திரும்புவாள். நான் கண்ணைச் சிமிட்டுவேன். அவள் மூச்சு விடுவாள். டாக்டரம்மா எதற்காகப் புருவத்தை நெரித்தார் என்று எனக்கே தெரியாத நாட்களிலும் சிமிட்டியிருக்கிறேன்.

குழந்தையின் அசைவை எண்ணச் சொல்லியிருந்தோம். அதில் அவளுக்கு ஒரு சங்கடம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் எட்டு விசைத்தறி. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், தெரு முழுக்கத் தறி. ஓடும்போது சுவரே அதிரும். "எது கொழந்த, எது தறின்னு தெரிய மாட்டேங்குதுங்க" என்றாள். மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறி நிறுத்துகிற நேரத்திலும், கரண்ட் போகிற நேரத்திலும் இடதுபக்கமாகப் படுத்து எண்ணுவாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அசைவுக்கு ஒரு கோடு போட்டு, தாள்களைக் குண்டூசியில் குத்தி எடுத்துக்கொண்டு வருவாள். "கரண்ட் போனா ஊரே கத்துதுங்க, நான் மட்டும் சந்தோசமாப் படுத்துக்கறனுங்க" என்று ஒரு நாள் சொன்னாள். இந்தத் தறி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை அளவுக்கு மேல் நினைவில் வைத்துக்கொண்டேன், அதுதான் வினை.

அவள் மளிகைக் கடையிலிருந்து அடிக்கடி போன் பண்ணுவாள். அந்தப் பக்கம் ஊர்த் தறிகள் கடகடவென்று அடிக்கும். அவள் கத்த, நான் கத்த, வரிசையில் இருக்கிறவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பார்கள். பாதி நாள் ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கும். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, விக்கல் மாதிரி துள்ளுகிறது, இப்படி. நான் சொல்வதைச் சொல்வேன், வைத்துவிடுவாள்.

ஒரு திங்கள்கிழமை ஸ்கேனில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. வியாழக்கிழமை பார்த்துவிட்டு அட்மிட் பண்ணலாமா என்று முடிவு செய்யலாம் என்றார் டாக்டரம்மா. "நடுவுல அசைவு குறைஞ்சா ஒடனே வரணும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது" என்று அவளிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மறுநாள் செவ்வாய். எங்கள் ஓ.பி.யில் செவ்வாய் என்றால் நிற்க இடமிருக்காது. பதினோரு மணி இருக்கும், போன் அடித்தது.

"சிஸ்டருங்களா? நான் கோகிலாமணிங்க."

"சொல்லு கண்ணு."

"நேத்து சாயங்காலத்துல இருந்து அசைவு கம்மியா இருக்குதுங்க. இன்னிக்குக் காலைல இருந்து மூணுதானுங்க எண்ணுனேன்."

எனக்கு முன்னால் ஆறு பேர் ஃபைலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளேயிருந்து மணி அடிக்கிறது. "தறி ஓடுற ஊட்டுல அசைவு எப்படிக் கண்ணு தெரியும்?" என்றேன்.

"இல்லீங்க சிஸ்டர், தறி வந்துங்க..."

"அட, நான் சொல்றதக் கேளு. நேத்துத்தான ஸ்கேன் பாத்தோம்? துடிப்பு நல்லாத்தான இருந்துச்சு? தறி நிக்கறப்பக் கொஞ்சம் சர்க்கரத் தண்ணி குடிச்சுட்டுப் படுத்துப் பாரு. நாளன்னிக்கு எப்படியும் வரப்போற. நல்லா இருக்குது கண்ணு, ஒண்ணுமில்ல, பயப்படாத."

அந்தப் பக்கம் ஒரு விநாடி சத்தமில்லை. பிறகு, "சரிங்க சிஸ்டர். நீங்க சொன்னாச் சரிதானுங்க. வெச்சுடறனுங்க" என்றாள். குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொருத்தியைச் சமாதானம் பண்ணிவிட்டேன் இல்லையா? டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்போது போனுக்கென்று நோட்டு கிடையாது. வாயில் வந்தது வாயோடு போகும்.

வியாழக்கிழமை சரியாக ஒன்பதரைக்கு வந்துவிட்டாள். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஜெல் தடவும்போது அவள் சிரிக்கவில்லை. கைக்குள் காலண்டர் தாள்கள் இருந்தன. டாக்டரம்மா ஸ்கேன் ப்ரோப்பை வயிற்றில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். புருவம் நெரியவில்லை. முகமே அசையவில்லை. அவர் மானிட்டரை மெதுவாகத் தன் பக்கமாகத் திருப்பினார். கோகிலாமணி என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சிமிட்ட எனக்குக் கண் வரவில்லை.

"எப்போலேர்ந்தும்மா அசைவில்ல?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "நான் அத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேனில்ல? ஏன் முன்னாடியே வரல?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த ஜெல் பாட்டில் கீழே விழுந்தது மட்டும் ஞாபகம். அவள் கைக்குள் இருந்த தாள்களை மடக்கிச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, "தறிச் சத்தத்துல தெரியலீங்க டாக்டர்" என்றாள். நான் அவளுக்குச் சொன்ன அதே காரணம்.

வயிற்றில் குழந்தை செத்துக் கிடக்கிறது, அந்த நேரத்தில் அவள் என்னைக் காப்பாற்றுகிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'இல்லீங்க மேடம், செவ்வாய்க்கெழமையே போன் பண்ணுனா, நான்தான் வர வேண்டாம்னேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வரி. நான் குனிந்து பாட்டிலை எடுத்தேன்.

டாக்டரம்மா வெளியே போய் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னார். கூடவே, பாவம் அந்தப் பெண்ணைத் திட்டிவிடக் கூடாது என்று, "அவ மேல தப்பில்லம்மா. தறிச் சத்தத்துல அவளுக்கு அசைவு தெரியாமப் போயிருக்குது" என்றார்.

மாமியார் அழவில்லை. முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. "தறிச் சத்தமுங்களா? என்னங்க டாக்டரம்மா சொல்றீங்க? கூலிப் பிரச்சனைல ஊரு முச்சூடும் தறி நின்னு இன்னியோட அஞ்சு நாளாச்சுங்களே. ஊசி உளுந்தாக் கேக்குதுங்க எங்க ஊட்டுல."

கதவுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டேன். யா அல்லா! 'இல்லீங்க சிஸ்டர், தறி வந்துங்க' என்று அவள் ஆரம்பித்தது இதற்காகத்தான். முழுசாகச் சொல்ல நான் விட்டேனா? அதுவும் போகட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை போனில் அவள் கத்தவில்லை, நானும் கத்தவில்லை. பின்னால் ஒரு தறிகூட அடிக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி குரல் தெளிவாகக் கேட்டது. வாரக்கணக்காக அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு வந்த என் காது, அது இல்லாததைக் கவனிக்கவில்லை. ஐந்து நாளாக அந்தப் பெண் ஒரு சத்தமும் இல்லாத வீட்டில் படுத்து ஒவ்வொரு அசைவையும் எண்ணியிருக்கிறாள். அந்தக் கர்ப்பத்திலேயே அவள் கணக்கு மிகச் சரியாக இருந்த வாரம் அதுதான். அந்த வாரத்தில்தான் நான் அவளை நம்பவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகாவது பேசியிருக்கலாம். மாமியார் உள்ளே வந்து மருமகளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். 'ஏன் பொய் சொன்னாய்?' என்று அந்தப் பார்வை கேட்டது. கோகிலாமணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் டிரிப் ஏற்ற ஊசி தேடிக்கொண்டிருந்தேன், ட்ரேயில் கண்முன்னால் இருந்த ஊசியை.

மறுநாள் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. புருஷன் மூர்த்தி துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனான். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து பி.பி. பார்க்க கோகிலாமணி தனியாக பஸ்ஸில் வந்தாள். டிபன் கேரியர் இல்லை, மாமியார் இல்லை. பி.பி. பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டே, "ஊட்டுல ஏதாவது சொல்றாங்களா கண்ணு?" என்று கேட்டேன். கேட்கவே வாய் கூசியது.

"யாரும் ஒண்ணும் சொல்றதில்லீங்க சிஸ்டர்" என்றாள். "சாப்பிட்டயான்னு கேக்கறாங்க. மாத்தர போட்டயான்னு கேக்கறாங்க. மத்தபடி யாரும் பேசறதில்லீங்க. அத்த முந்தியெல்லாம் அம்மிணின்னு கூப்பிடுவாங்க. இப்பக் கூப்பிடறதே இல்லீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பி.பி. இன்னும் ஏறியே இருந்தது. என் வாயால் அது இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அழுதேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க மேடம்."

"அவளுக்குப் பயமா இருந்தப்ப ஒண்ணுமில்லன்னு சொன்ன. ஒனக்குப் பயம்னா மட்டும் அது பெருசாப் போச்சா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் ஒருத்தர் விடாம விசாரிச்சிருக்கணும். தறி நின்னுதான் இருந்துச்சுன்னு அந்தம்மா என் மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க. நானும் கேக்கல." மறுபடி என்னைப் பார்த்தார். "என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது மும்தாஜ்? அந்த ஊட்டுல போயிச் சொல்லு."

அந்த அம்மாவைப் போல ஒரு டாக்டரை அப்புறம் நான் பார்க்கவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. மறுநாளே மேஜைமேல் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைச் சரடு கட்டித் தொங்கவிட்டார். இப்போது நீங்கள் நேரம், பெயர், சொன்னது என்று எழுதுகிறீர்களே, கட்டம் போட்ட ரிஜிஸ்டர், எதற்கு இந்த வெட்டி வேலை என்று போன மாதம் உங்களில் ஒருத்தி முணுமுணுத்தாளாம். அது வந்த கதை இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோமனூருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தறிச் சத்தம் கேட்டது. கூலிப் பிரச்சனை முடிந்து ஊர் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எனக்குத் தெம்பாக இருந்தது. அதற்குள் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடலாம், பாதி கேட்கும், பாதி கேட்காது என்று ஒரு அற்ப ஆசை.

"ஏனுங்க சிஸ்டர், வாங்க வாங்க! இவ்வளவு தூரம் வந்திருக்கறீங்க" என்று மாமியார் சேரைத் துடைத்துப் போட்டார். கோகிலாமணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். நான் ஆரம்பித்தேன். "உங்க மருமவ மேல தப்பில்லீங்க..."

"என்னங்க?" என்று காதில் கை வைத்தார் மாமியார்.

"தப்பு எம்மேலதானுங்க!"

"ஒண்ணுமே கேக்கலீங்க. இருங்க." கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "மூர்த்தி! டேய், தறிய நிறுத்திப்போட்டு வாடா. சிஸ்டர் வந்திருக்கறாங்க."

ஒவ்வொன்றாக எட்டும் நின்றன. மூர்த்தி கழிவு நூலில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றான். அந்த வீட்டில் இனி என் குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. சொன்னேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி, மூன்று அசைவு என்றது, தறி என்று நான் வாயை அடைத்தது, வியாழக்கிழமை அவள் என்னைக் காப்பாற்றியது, நான் வாய் மூடி நின்றது. ஒன்றையும் விடவில்லை.

கோகிலாமணி உள்ளே போய், பீரோவிலிருந்து காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து மாமியாரின் மடியில் வைத்தாள். அதே குண்டூசி. ஞாயிற்றுக்கிழமை பதினாலு கோடு. திங்கட்கிழமை ஒன்பது. செவ்வாய்க்கிழமை மூன்று. புதன்கிழமைத் தாளில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அதையும் கிழித்துச் சேர்த்துக் குத்தியிருந்தாள்.

மாமியார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்கண்ணு, எங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"சிஸ்டருக்கு வேலை போயிருமுன்னு நெனச்சனுங்க அத்த. எனக்கு அங்க ஆறுதலா இருந்தது அவங்க ஒருத்தருதான். அப்பறம்..." அவள் அந்தத் தாள்களைப் பார்த்தாள். "அப்பறம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. நெசமாவே நான் போன் பண்ணுனனா, இல்ல பண்ணுன மாதரி நெனச்சுக்கறனான்னு."

மூர்த்தி கையிலிருந்த நூலைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டான். மாமியார்தான் பேசினார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். "நீங்க வந்து சொன்னதுக்கு நாங்க என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. காப்பி ஆறுதுங்க. குடிச்சுட்டுப் போயிட்டு வாங்க." திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தக் காப்பியைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நடுவில் உங்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் இருப்பதை ஸ்கேன் காட்டுவது அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான். மீதி நேரத்துக்கு அந்த அம்மாதான் மெஷின். அதிகமாக ஸ்கேன் பார்க்கிற பெண் அதிகமாகப் பயப்படுவாள், நச்சரிப்பாள், ஒன்றுமில்லாததற்கு நாலு தடவை ஓடி வருவாள். வரட்டும். ஐந்தாவது தடவையும் படுக்க வையுங்கள். போனில் 'அசைவு கம்மி' என்று ஒருத்தி சொன்னால் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது ஒரே சொல்: 'வாங்க'. காரணம் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. அதிலும், அவளைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் காரணமாகச் சொல்ல ஆரம்பித்தால், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவளைத் தெரியும், அவள் வீட்டைத் தெரியும், தறியைத் தெரியும். தெரியும் என்ற திமிரில்தான் கேட்காமல் விட்டேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கோகிலாமணி கூட வந்தாள். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாதி வழியில் அவர்கள் கொட்டகையில் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கட்டுங்களா சிஸ்டர்?" என்றாள்.

"கேளு."

"செவ்வாய்க்கெழமையே வந்திருந்தா, பொழச்சிருக்குமுங்களா?"

இந்த மாதிரி நேரத்துக்கென்று வைத்திருந்த வேறு மூன்று வார்த்தையும் வாயில் தயாராக வந்து நின்றன. விதி கண்ணு, நம்ம கையில என்ன இருக்குது, மனசப் போட்டு ஒழப்பிக்காத. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! விழுங்கினேன்.

"பொழச்சிருக்கலாம் கண்ணு" என்றேன். "அன்னிக்கே வந்திருந்தா டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணி எடுத்திருப்பாங்க. சின்னக் கொழந்ததான், உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பொழச்சிருக்கலாம். நீ சரியாத்தான் எண்ணுன. நாந்தான் வர விடல."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை வரி வரியாக உள்ளே வாங்கிக்கொள்கிற மாதிரி இன்னொரு தடவை ஆட்டினாள்.

"ஆறு வாரமா நான் அழுவவே இல்லீங்க சிஸ்டர்" என்றாள். "ஊருல எல்லாரும் இவ கல்லு மாதரி இருக்கறான்னு சொன்னாங்க. நானே கொன்னுபோட்டு, நானே எப்படிங்க அழுவறது?"

அப்புறம் அழுதாள். நடுரோட்டில், நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு அழுதாள். ஊர்த் தறிகளுக்கு நடுவில் அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். 'அழுவாத கண்ணு' என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. கோயமுத்தூர் பஸ் இரண்டு வந்து நின்று போயின. நான் ஏறவில்லை.